கழுத்துக்குக் கீழே

தன் முகம் யாருடைய அதிகாரத்துக்கு உட்பட்டது என்று வெல்டரம்மா அதுவரை யோசித்ததே இல்லை. காலையில் எழுந்து அதன்மேல் இரண்டு கை தண்ணீரை அடிப்பாள். பட்டறைக்குப் போய் வெல்டிங் முகமூடிக்குள் அதைத் திணிப்பாள். சாயங்காலம் வெளியே எடுப்பாள். முகத்துக்கும் அவளுக்கும் உள்ள உறவு அவ்வளவுதான். இருபத்திரண்டு வருஷமாக இரும்புக் கேட்டும் ஜன்னல் கம்பியும் பற்றவைத்ததில் இரண்டு முன்கைகளிலும் பொறி விழுந்த தழும்புகள் ஏராளமாக இருந்தன. அத்தனைக்கும் குழாய்த் தண்ணீர்தான் வைத்தியம்.

வினை அவள் முகத்தில் வரவில்லை. மகள் முகத்தில் வந்தது. பத்தொன்பது வயது மகளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை அடையாள அட்டைக்குப் போட்டோ எடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை பார்த்து இடது கன்னத்தில் மூன்று பருக்கள் கிளம்பி வந்து உட்கார்ந்தன. மூன்றே மூன்றுதான். பேசாமல் விட்டிருந்தால் வந்த வழியே போயிருக்கும்.

ஆனால் போன் ஒன்று கையில் இருக்கிறதே! அதில் பளபளா அக்கா இருக்கிறாளே! அந்த அம்மாள் தினமும் ஒரு வீடியோ போடுவாள். ஏழு லட்சம் பேர் பின்தொடர்ந்தார்கள். அன்றைய வீடியோவில் பூண்டை நசுக்கி, எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்து, சமையல் சோடாவைக் கலந்து, பருவின் மேல் அப்பி, அதற்குமேல் பிளாஸ்டிக் தாளை இறுக்கிக் கட்டி நான்கு மணி நேரம் விடச் சொன்னாள். "எரியுதா செல்லம்? எரியட்டும்! எரிஞ்சாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்!" என்று சிரித்தாள்.

எரிந்தது. மகள் பல்லைக் கடித்துக்கொண்டு நான்கு மணி நேரம் பொறுத்தாள். தாளைப் பிரித்தபோது பருக்கள் போயிருந்தன. கூடவே தோலும் போயிருந்தது.

பட்டறையிலிருந்து வந்த வெல்டரம்மா முதலில் மகள் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போய்க் கன்னத்தைக் கழுவினாள். ஆனால் இது இரும்புப் பொறி இல்லை. சனிக்கிழமை கன்னம் கசிந்தது. ஞாயிற்றுக்கிழமை மஞ்சளாகியது. திங்கட்கிழமை காலையில் வீக்கம் கீழ் இமையைத் தொட்டு, இடது கண் பாதி மூடியிருந்தது. தன் தொழிலில் கண் போனவர்களை வெல்டரம்மாவுக்குத் தெரியும்.

தெருமுனை டாக்டரிடம் ஓடினாள். சாவி வெட்டுபவன் கடைக்கும் சலவைக்கடைக்கும் நடுவில் ஒரே அறையில் ஆஸ்பத்திரி நடத்துகிறவர் அவர். மகளைப் பார்த்ததுமே தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"கிருமி ஏறியிருக்கு. கண்ணுக்குப் போயிட்டா ரொம்பக் கஷ்டம். நாளைக்குள்ள மருந்து உள்ள போகணும்மா."

"குடுங்க டாக்டர். அதுக்குத்தானே வந்தோம்."

"நான் எப்படிம்மா குடுக்கிறது? அது முகமாச்சே."

சுவரில் ஒரு மனித உருவப் படம் மாட்டியிருந்தது. கழுத்தில் குறுக்கே சிவப்புக் கோடு. போன வருஷம் தோல் நல நிபுணர் மன்றம் போட்ட உத்தரவு. கோட்டுக்கு மேலே இருக்கும் தோல் முழுக்க மன்றத்துக்குச் சொந்தம். வேறு யாராவது அதில் ஒரு பஞ்சை வைத்தாலும் வைத்த கைக்கு லைசென்ஸ் இருக்காது.

"கழுத்துக்குக் கீழே எதுவா இருந்தாலும் கொண்டு வாங்கம்மா. வெட்டு, குத்து, நெருப்பு, நாய்க்கடி, ஒரே நாள்ல சரி பண்ணிடறேன்" என்றார் டாக்டர். "பின்தெரு டாக்டர் ஒருத்தர் பாவப்பட்டு ஒரு குழந்தை மூக்குல பிளாஸ்திரி ஒட்டினாரு. இப்ப மாட்டு ஆஸ்பத்திரியில மாடு பிடிச்சுக்கிறாரு."

மன்றம் ஏழு மாடிக் கட்டடம். வாசலில் 'உங்கள் முகம் எங்கள் உரிமை' என்று பித்தளை எழுத்தில் பதித்திருந்தார்கள். உள்ளே போனால் சுவர் முழுக்க வெந்து போன முகங்களின் படங்கள், ஆளுயரத்துக்கு. ஒவ்வொன்றின் கீழும் 'எங்களைக் கேட்கவில்லை' என்று எழுதியிருந்தது. கேட்டவர்களின் படம் எங்காவது இருக்கிறதா என்று வெல்டரம்மா தேடினாள். இல்லை.

கண்ணாடிக்குப் பின்னால் கவுன்டர் அம்மாள் பதினான்கு பக்கப் படிவத்தைத் தள்ளினாள்.

"என்ன கேஸ்?"

"காயம்ங்க. கன்னத்துல. கண்ணு வீங்குது, கொஞ்சம் சீக்கிரம்..."

"காயம் கடைசிப் பக்கம். முதல்ல குற்றத்தை எழுதுங்க."

வெல்டரம்மா கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தாள். ஒரே ஒரு கேள்வி இருந்தது. 'காயம்: உண்டு / இல்லை.' மற்ற பதின்மூன்று பக்கமும் எலுமிச்சை வாங்கிய கடை, பூண்டு நசுக்கிய கருவி, நசுக்கும்போது உடனிருந்தவர்கள், அவர்கள் தடுத்தார்களா, தடுக்காவிட்டால் ஏன் என்று போயின. மகள் ஒற்றைக் கண்ணால் எழுதி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

அடுத்தது வாக்குமூல அறை. அங்கே சுவரில் படங்கள் இல்லை, ஆயுதங்கள் இருந்தன. துருவிகள், இடிகல், பிழிவான்கள், ஸ்பூன்கள், எல்லாவற்றுக்கும் எண் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். மன்றத்தின் சமையலறைச் சோதனைப் படை வீடுவீடாகப் புகுந்து பிடித்தவை. போன வாரம் பாதி எலுமிச்சம்பழம் ஒன்றைத் தேடி ஒரு வீட்டில் ஃபிரிட்ஜைக் கோடாலியால் பிளந்தார்களாம். பழம் கிடைக்கவில்லை. ஆனால் குடும்பத்தலைவரின் பல் மூன்று கிடைத்தது என்று வாக்குமூல அதிகாரி பெருமையாகச் சொன்னார்.

பிறகு மேஜையில் ஓங்கி ஒரு அறை விட்டார். மகள் நாற்காலியோடு துள்ளினாள்.

"எத்தனை நாளா இந்தப் பழக்கம்?"

"ஒரே தடவைதான் சார்."

"எல்லாரும் ஒரே தடவைன்னுதான் சொல்றாங்க. போன மாசம் ஒருத்தி தயிர்ல ஆரம்பிச்சா. இன்னைக்கு எங்க இருக்கா தெரியுமா? கடலைமாவுல!"

"ஐயா, பொண்ணுக்குக் கண்ணு வீங்கிக்கிட்டே போகுது" என்றாள் வெல்டரம்மா.

"இங்க உருகாதீங்கம்மா. இது விசாரணை. பரிதாபம் ஆறாவது மாடி, அதுவும் புதன்கிழமை மட்டும்."

மிச்சக் கலவை இருந்தால் சான்றாக ஒப்படைக்க வேண்டும் என்றார். மகள் அதை ஒரு காலி ஷாம்பு பாட்டிலில் ஊற்றி வைத்திருந்தாள். வெல்டரம்மா பையிலிருந்து எடுத்து நீட்டினாள். அதிகாரி வாங்கவில்லை. நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"என்கிட்ட எதுக்கு? மண்டபத்துக்குக் கொண்டு போங்க. உடைக்கணும்."

விஷயம் இதுதான். மன்றத்தில் சிகிச்சை வேண்டுமென்றால் குற்றவாளி தன் கலவை இருக்கும் பாத்திரத்தை மூன்று நிபுணர்கள் முன்னிலையில் சுத்தியலால் உடைக்க வேண்டும். குறைந்தது மூன்று துண்டாக வேண்டும். துண்டுகளை எண்ணி உடைப்புச் சான்றிதழ் கொடுப்பார்கள். சான்றிதழ் இருந்தால்தான் சிகிச்சை மாடிக்குப் படிக்கட்டுக் கதவு திறக்கும். மனம் திருந்தாத தோலில் மருந்து ஏறாது என்பது மன்றத்தின் கண்டுபிடிப்பு.

உடைப்பு மண்டபத்தில் இருநூறு பேர் இருந்தார்கள். பாதிப் பேர் முகத்தில் துணி கட்டியிருந்தார்கள். மேடையில் இரும்புப் பட்டறைக்கல், சிவப்புத் துணி, அதன்மேல் சுத்தியல். சுத்தியலைப் பார்த்ததும் வெல்டரம்மாவுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. அந்தக் கட்டடத்திலேயே அவளுக்குத் தெரிந்த முகம் அது ஒன்றுதான்.

தலைமை நிபுணர் மேடைக்கு வந்தார். வெள்ளை அங்கி, வெள்ளைக் கையுறை, மேசைக்கண்ணாடி மாதிரி வழுவழுப்பான முகம். எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

"அன்பார்ந்த குற்றவாளிகளே" என்று தொடங்கினார். "மன்னிக்கவும், நோயாளிகளே. நான் தோலைப் பற்றி இருபத்தொன்பது வருஷம் படிச்சவன். கடைசிப் பதினோரு வருஷமா ஒரு தோலைக்கூடக் கையால தொட்டதில்லை. ஏன்? தொட்டா அந்த ஒரு தோல் மேல பாசம் வந்துடும். அப்புறம் பொதுவாத் தோலைப் பத்திப் பேச முடியாது!"

கைதட்டல் எழுந்தது.

"கேட்கறாங்க, ஐயா, உங்க அமிலமும் எரியுது, அந்தப் பொம்பளை சொல்ற பூண்டும் எரியுது, என்ன வித்தியாசம்னு. நல்ல கேள்வி. கேட்டவரை அன்னைக்கே வெளியே அனுப்பிட்டோம். வித்தியாசம் இதுதான். எங்க அமிலம் பாட்டில்ல முத்திரை இருக்கு. வெந்து போனா, யார்கிட்ட முறையிடணும்னு உங்களுக்குத் தெரியும். எங்ககிட்டதான்! நாங்களே விசாரிப்போம். இதுவரைக்கும் எங்க மேல ஒரு தப்பும் நாங்க கண்டுபிடிச்சதில்லை."

அப்புறம் அவருக்கு ஆவேசம் வந்துவிட்டது. பறிமுதல் செய்த ஜாடிகளை வரிசையாக வைக்கச் சொன்னார். முதல் ஜாடியின் மேல் சுத்தியல் இறங்கியபோது தேன் தெறித்து மேடைத் திரையில் வழிந்தது. இரண்டாவதில் தயிர். வெள்ளரிக்காய் ஒன்றை இடது கையால் கழுத்தைப் பிடித்துத் தூக்கி, "இனிமே யார் கண்ணு மேலயாவது போய் உட்காருவியா?" என்று கேட்டுக் கேட்டு அடித்தார். அது பதில் சொல்லவில்லை. சொல்லும்வரை அடித்தார். முன்வரிசையில் ஒரு தாய் தன் குழந்தையின் கண்ணைப் பொத்தினாள்.

ஆறாவது ஜாடி வெடித்தபோது கண்ணாடித் துண்டு ஒன்று பறந்து வந்து, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தையல்காரரின் முழங்காலில் செருகி நின்றது. தையல்காரர் அலறினார். காவலர்கள் ஓடிவந்து பார்த்தார்கள்.

"எங்க பட்டிருக்கு? முட்டியா? அது நம்ம எல்லையில்லை. கழுத்துக்குக் கீழே. வெளிய போய்யா."

இரண்டு கக்கத்திலும் கை கொடுத்துத் தூக்கிப் போய் வாசல்படியில் வைத்தார்கள். அவர் நொண்டிக்கொண்டே தெருமுனை டாக்டரை நோக்கிப் போவதை வெல்டரம்மா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஒரு மணி நேரத்தில் கட்டுப் போட்டு வீட்டுக்குப் போய்விடுவார். கொடுத்து வைத்த மனுஷன் என்று நினைத்துக்கொண்டாள்.

மகளின் கண் இப்போது முக்கால்வாசி மூடிவிட்டது. "அம்மா, வலிக்குதும்மா" என்றாள் மெதுவாக. காலையிலிருந்து அவள் வாயைத் திறந்து சொன்ன முதல் வலி அது. வெல்டரம்மா அவள் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். வரிசையைப் பற்றி யாரும் பேசவில்லை. அவள் தோள்பட்டையைப் பார்த்துவிட்டு வழி விட்டார்கள்.

மகளுக்கு ஒரு கண் தெரியாததால் தாய் உடைக்கலாம் என்று அனுமதி கொடுத்தார்கள். வெல்டரம்மா ஷாம்பு பாட்டிலைப் பட்டறைக்கல்லின் மேல் நிறுத்தி ஒரு போடு போட்டாள். பாட்டில் நசுங்கி, மறுபடி உப்பி, எழுந்து நின்றது.

மூன்று நிபுணர்களும் குனிந்து பார்த்தார்கள். "துண்டு பூஜ்யம்" என்று ஒருவர் எழுதிக்கொண்டார்.

"ஐயா, இது பிளாஸ்டிக். நசுங்கும், உடையாது. வேணும்னா கத்தியால கிழிச்சுடறேன்."

"விதியில 'உடைத்தல்'னுதான் இருக்கு. கிழித்தலுக்குத் தனிக் குழு போட்டிருக்கோம். அறிக்கை வர ரெண்டு வருஷம் ஆகும்."

இன்னொரு போடு. பாட்டில் எகிறிக் கீழே விழுந்தது. காவலர் எடுத்து வைத்தார். வெல்டரம்மா மகளின் கண்ணைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷத்துக் கை. அத்தனை கோபத்தையும் அதில் சேர்த்து மூன்றாவது போடு போட்டாள்.

பாட்டில் உடையவில்லை. கல்லின் விளிம்பில் பட்டு, விர்ரென்று கிளம்பி, உடைப்பை ரசித்துக்கொண்டு நின்ற தலைமை நிபுணரின் நெற்றிப்பொட்டில் போய் இடித்தது. மூடி கழன்றது. மூன்று நாள் ஊறிய பூண்டுக் கலவை அந்த வழுவழுப்பான முகம் முழுக்க வழிந்தது. அவர் மரம் சாய்வதுபோலச் சாய்ந்தார்.

காவலர்கள் நான்கு பேர் வெல்டரம்மாவின் மேல் பாய்ந்தார்கள். இரண்டு பேரை அவள் மேடையிலிருந்து இறக்கிவிட்டாள். மூன்றாமவன் அவள் கொண்டையைப் பிடித்தான். அவன் விரல் இரண்டு எதிர்ப்பக்கமாக மடங்கின. நான்காமவன் தடியை ஓங்கியபோது விதிப்புத்தகம் வைத்திருந்த நிபுணர் கத்தினார்: "நிறுத்து! உடைப்பு முடியல! சடங்கு நடுவுல நோயாளி தரப்பை அடிக்க விதியில இடமில்லை. முடிஞ்சதும் அடிச்சுக்கலாம்!"

நான்காமவன் தடியை இறக்கி, பக்கத்தில் அடக்கமாக நின்றுகொண்டான்.

அதற்குள் தலைமை நிபுணர் எழுந்துவிட்டார். நெற்றி எலுமிச்சம்பழ அளவுக்குப் புடைத்திருந்தது. முகம் தீயாக எரிய, சிகிச்சை மாடிக்கதவை நோக்கி ஓடினார். கதவருகே கவுன்டர் அம்மாள் நின்றாள்.

"டோக்கன் இருக்குங்களா ஐயா?"

"நான்தாம்மா தலைமை நிபுணர்!"

"தெரியும்ங்க ஐயா. முகத்துல பூண்டு இருக்கே. படிவம் பதினாலு பக்கம், வாக்குமூலம், உடைப்பு. நீங்க போட்ட விதிதானே."

அவர் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கதவின் மேல்பாதி கண்ணாடி. வெல்டரம்மா மகளை இழுத்துக்கொண்டு பின்னாலேயே போய் அதன் வழியாகப் பார்த்தாள். நாட்டிலேயே பெரிய தோல் நிபுணர் மேஜைக்கு அடியில் குந்தி உட்கார்ந்து, நெற்றியில் டூத்பேஸ்டைப் பிதுக்கித் தடவிக்கொண்டிருந்தார். தரையில் அவருடைய போன் பாடிக்கொண்டிருந்தது. "அடி பட்டா உடனே பேஸ்ட் செல்லம்! எரியுதா? எரியட்டும்!"

வெல்டரம்மா கதவைத் தள்ளினாள். பூட்டியிருந்தது. தோளால் ஒரு இடி இடித்தாள். கொக்கி கழன்று சுவரில் மோதியது.

"ஐயா, என் பொண்ணு கன்னத்தைப் பாருங்க. அஞ்சு நிமிஷம். அவ்வளவுதான் கேட்கறேன்."

அவர் பேஸ்ட் டியூபைப் பின்னால் மறைத்துக்கொண்டு எழுந்து வாயைத் திறப்பதற்குள் வெளியே ஒரு பெரும் கூச்சல் எழும்பியது. மண்டபத்தில் யாரோ எடுத்த வீடியோ அதற்குள் ஊர் முழுக்கப் போயிருந்தது. 'தலைமை நிபுணருக்கே நம்ம கலவை!' பளபளா அக்கா முந்நூறு பேரைத் திரட்டிக்கொண்டு வாழ்த்துச் சொல்ல வந்திருந்தாள். துருவி, இடிகுழவி, மூட்டை மூட்டையாக எலுமிச்சம்பழம். முதல் பழம் இரண்டாவது மாடிக் கண்ணாடியைத் துளைத்தது. அப்புறம் மழைதான்.

நிபுணர்கள் சும்மா இருப்பார்களா? அங்கியை வரிந்து கட்டிக்கொண்டு அமில பாட்டில்களோடு இறங்கினார்கள். முத்திரை உடைக்காமல் வீச வேண்டும் என்று விதி இருந்ததால் அத்தனையும் பாட்டிலோடு மண்டையில் போய் விழுந்தன. வாக்குமூல அதிகாரியின் மூக்கை ஒருத்தி துருவியால் ஒரு இழு இழுத்தாள். அவர் அந்த வலியிலும் "எத்தனை நாளா இந்தப் பழக்கம்?" என்று கேட்டார். விதிப்புத்தகம் வைத்திருந்தவர் அந்தப் புத்தகத்தாலேயே நான்கு பேரைச் சாய்த்தார். உடைப்புக்குக் காத்திருந்த நோயாளிகள் இருநூறு பேரும் இரண்டு பக்கமும் அடி வாங்கினார்கள். அவர்களை மட்டும் யாரும் குறிவைத்து அடிக்கவில்லை. நடுவில் இருந்தார்கள், அவ்வளவுதான்.

பளபளா அக்கா ஒரு கையில் போனை உயர்த்திப் பிடித்தபடி தலைமை நிபுணரின் அறைக்குள் நுழைந்தாள். நேரில் பார்த்தால் அவளுக்கு மாசு மருவில்லாத முகம்.

"நீதானா அந்தப் பூண்டு அக்கா?" என்றாள் வெல்டரம்மா.

"ஆமா செல்லம்! உன் பொண்ணா? ஐயோ, எவ்வளவு நேரம் வச்சா? நாலு மணி நேரம் பத்தாது போல இருக்கே!"

"நீ உன் மூஞ்சில வச்சுப் பார்த்திருக்கியா?"

"நானா? ஐயையோ, எனக்குப் பூண்டு ஒத்துக்காது. நான் தண்ணில கழுவிட்டுச் சும்மா விட்டுடுவேன். ஆனா அதை வீடியோவாப் போட்டா யாரு செல்லம் பார்ப்பாங்க?"

வெல்டரம்மா சுத்தியலை இன்னும் கையில் வைத்திருக்கிறாள் என்பதை அப்போதுதான் இருவரும் கவனித்தார்கள். இடது கையால் தலைமை நிபுணரின் காலரைப் பிடித்தாள். சுத்தியலால் அக்காவைச் சுவரோரம் நகர்த்தினாள். இரண்டு பேரையும் மகளின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நிறுத்தினாள்.

"பாருங்கடா. ரெண்டு பேரும் நல்லாப் பாருங்க."

அக்கா ஒரு கணம் பார்த்துவிட்டு, "இங்க லைட் சரியில்லை" என்றாள்.

தலைமை நிபுணர் வெகுநேரம் பார்த்தார். அவர் முகத்தில் முதல்முறையாக ஒரு சாதாரண மனுஷனுடைய பயம் வந்தது. "இது... காயமா? படத்துல வேற மாதிரி இருக்குமே. இப்படி அசையாதே."

"அவ அழறாய்யா. அதான் அசையுது. என்ன மருந்து போடணும்? வாயால சொல்லு, போதும்."

பதினோரு வருஷம் பேசியே கழித்தவர். குனிந்து தரையிலிருந்த போனை எடுத்தார். ஒற்றை விரலால் 'கன்னம், பூண்டு, சீழ், கண்' என்று தட்டினார். முதலில் வந்தது மன்றத்தின் பக்கம். மேலே அவருடைய படமே சிரித்துக்கொண்டிருந்தது. அவர் வாய்விட்டுப் படித்தார்: "உடனடியாக நிபுணரை அணுகவும்."

படித்துவிட்டுத் தனக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

அந்த நேரத்தில்தான் வெளியிலிருந்து ஒரு அமில பாட்டில், முத்திரை உடையாமல், கதவுக் கண்ணாடியில் வந்து மோதியது. கண்ணாடி மொத்தமாகச் சிதறி உள்ளே கொட்டியது. அக்கா கீழே படுத்தாள். தலைமை நிபுணர் அக்காவுக்குப் பின்னால் படுத்தார். வெல்டரம்மா மகளின் முகத்தைத் தன் மார்போடு அழுத்திக்கொண்டாள். பிரித்துப் பார்த்தபோது மகளின் சட்டை தோளில் கிழிந்திருந்தது. விரல் நீளத்துக்கு ஒரு வெட்டு. இரத்தம் குபுகுபுவென்று வந்தது.

வெல்டரம்மா வெட்டைப் பார்த்தாள். கழுத்தைப் பார்த்தாள். விரலை வைத்து அளந்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"கழுத்துக்குக் கீழே! அடியே, கழுத்துக்குக் கீழேடி! ரெண்டு விரக்கடை கீழே!"

மகளுக்கும் புரிந்துவிட்டது. வலியோடு சிரித்தாள். சிரித்ததில் கன்னம் இழுத்து அழுதாள். பெற்ற பிள்ளை இரத்தம் சிந்துவதைப் பார்த்து ஒரு தாய் சந்தோஷப்பட்டாள் என்று எழுத எனக்கே கூசுகிறது. ஆனால் நடந்தது அதுதான். மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, எலுமிச்சையில் வழுக்கி, பாட்டிலில் இடறி, நின்றவனைத் தள்ளி, விழுந்தவனைத் தாண்டி அவள் அந்த ஏழு மாடிக் கட்டடத்தைவிட்டு ஓடினாள். வாசலில் கவுன்டர் அம்மாள் மட்டும் "வெளியே போகறதுக்குத் தனிப் படிவம்!" என்று கூவினாள்.

தெருமுனை டாக்டர் தையல்காரரின் முட்டிக்குக் கடைசிச் சுற்றுக் கட்டிக்கொண்டிருந்தார்.

"கழுத்துக்குக் கீழே, டாக்டர்!"

அவர் டேப்பை எடுத்துவந்து அளந்தார். கைகளைப் பழையபடி முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, சுவரில் இருந்த படத்தையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு பின்னால் கட்டியிருந்த கைகளை வாழ்நாளிலேயே முதல்முறை பிரிப்பவர்போல மெதுவாகப் பிரித்தார்.

"சட்டப்படி எனக்குத்தான் சொந்தம்" என்றார். குரலில் அப்படி ஒரு நிம்மதி. நான்கு தையல் போட்டார். "இப்ப தோள்ல கிருமி ஏறாம இருக்க ஊசி போடறேன். இதே மாத்திரை ஏழு நாளைக்கு. மருந்து ரத்தத்துல ஓடும். ரத்தம் எங்கெங்க போகும்னு நீங்க கேட்க வேண்டாம், நானும் சொல்ல மாட்டேன்." கடைசியாக ஒரு களிம்பு டியூபைக் கொடுத்தார். "இது தோளுக்குத்தான். துடைக்கும்போது கை தவறி வேற எங்கயாவது பட்டா..." என்று சொல்லி ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினார். வெல்டரம்மாவின் கை அங்கேயே, அப்போதே தவறியது.

மூன்றாம் நாள் கண் திறந்தது. மகள் அந்தக் கண்ணால் முதலில் பார்த்தது அம்மாவை. அம்மா விசும்பி விசும்பி அழுதுகொண்டிருந்தாள்.

நான்கு மாதம் கழித்து மன்றத்திலிருந்து பதிவுத் தபால் வந்தது. மகள் அப்போது கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். கன்னத்தில் கட்டைவிரல் நக அளவுக்கு ஒரு வெளுப்பு மட்டும் இருந்தது. அடையாள அட்டைப் படத்திலும் அது இருந்தது. ஊரில் பெரிய விளம்பரப் பலகையில் தலைமை நிபுணரும் பளபளா அக்காவும் தோளோடு தோள் நின்று சிரித்தார்கள். மன்றத்தின் முத்திரையோடு பூண்டு கிரீம். கீழே 'எரியட்டும்' என்று எழுதியிருந்தது.

பட்டறை வாசலில் நின்று மகள் கடிதத்தைப் படித்தாள்: "தங்கள் படிவம் பரிசீலிக்கப்பட்டது. பாட்டில் உடையாமை மன்னிக்கப்பட்டது. முதற்கட்டப் பரிசோதனைக்கு வரும்போது காயத்தை அசல் நிலையிலும், அதன் நகல் இரண்டையும் தவறாமல் கொண்டுவரவும். மன்றத்தின் சுத்தியலைத் திருப்பித் தரவும்."

"அசல் நிலைன்னா என்னடி?"

"ஆறாம அப்படியே இருக்கணும்னு அர்த்தம்மா."

அந்தக் கண்ணாடித் துண்டு மூன்று விரக்கடை மேலே பட்டிருந்தால் என்று வெல்டரம்மா நினைத்தாள். அது தோளில் படாமலே போயிருந்தால் என்றும் நினைத்தாள். இரண்டில் எது பெரிய பயம் என்று அவளுக்குத் தெரியவில்லை. கடிதத்தை வாங்கி இரும்பின் மேல் வைத்து, பறக்காமல் இருக்க அந்தச் சுத்தியலை ஓரத்தில் வைத்தாள். முகமூடியைக் கீழே இறக்கினாள்.

"கண்ணை மூடிக்கடி" என்றாள்.

மகள் இரண்டு கண்களையும் கையால் பொத்திக்கொண்டாள். சரசரவென்று பொறி பறந்தது. காகிதம் கருகும் வாடை வந்தது.

"எரியுதாம்மா?"

"எரியுது."

"அப்ப வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்றாள் மகள்.